மோதலா, மயக்கமா?

வணக்கம்.

வெவ்வேறு இரண்டு பொருளுக்கு ஒரே ஐடி (அடையாள எண்) விழுந்துவிடுவதை ஆங்கிலத்தில் ‘ஐடி கொலிஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் பேச்சில், ‘அடையாள மோதல்’ என்றே வைத்துவிடலாம் என்று முக்கால்வாசிப் பேர் சொல்லிவிட்டீர்கள். எனக்கு ஒப்பவில்லை. மோதல் என்றால் சத்தம் கேட்க வேண்டும். இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்திவிட, நிரல் மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் கிட் நடுவில் நின்று ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கையை விரிக்கிறதே, அது மோதல். இங்கே நடப்பது வேறு.

வீட்டுச் சாமான் பட்டியலுக்கு ஒரு சின்னச் செயலி எழுதினேன். சிஆர்டிடி வகை, அதாவது நெட் இல்லாதபோதும் எழுதலாம், அப்புறம் தானே சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு ஃபோனுக்கும் ஓர் ஐடி, அதோடு ஓர் ஓடும் எண், இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு வரியின் அடையாளம். வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் எஸ். முருகன், கே. முருகன் என்போமே, அதே வேலைதான். ஃபோன் ஐடிக்கு யுயுஐடி என்ற நீளமான அடையாள எண்ணில் நான்காம் வகையை எடுத்தேன். 128 பிட்டில் (0, 1 இலக்கங்கள்) 122 பிட் தற்செயலாக விழுவது, இரண்டு ஃபோனுக்கு ஒன்றே வர வழியில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அம்மாவுக்குப் புது ஃபோன் வாங்கி, பழையதன் பேக்கப்பை அதில் இறக்கினோம். பழையது அப்பா கைக்குப் போனது. பேக்கப்போடு ஐடியும் போய்விட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. அம்மா ‘புளி கால் கிலோ’ போட்டார், அது 118ஆவது வரி. அப்பா ‘கடுகு 100 கிராம்’ போட்டார், அவருக்கும் 118. சேரும் நேரத்தில் இரண்டு ஃபோனும் ‘118தான் என்னிடம் இருக்கிறதே’ என்று வந்ததைத் தள்ளிவிட்டன. பிழைச் செய்தி கிடையாது. எத்தனை தடவை சேர்த்தாலும் அங்கே புளி, இங்கே கடுகு. கடைக்குப் போனவர் அப்பா, அதனால் அன்று ரசம் இல்லை.

இதில் எது எதோடு மோதியது?

தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: வினையால் வேறுபடுவது, வேறுபடாதது. ‘மா பூத்தது’ என்றால் மரம் என்று தெரிந்துவிடும். ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா விலங்கா என்று தெரியாது. என் 118 இந்த இரண்டாம் வகை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதற்கு இலக்கணத்தில் ஏற்கெனவே சொல் இருக்கிறது, வேற்றுமை மயக்கம், பால் மயக்கம் என்று. ஆகவே ‘அடையாள மயக்கம்’ என்கிறேன். வினையாகவும் வளைகிறது: ஐடி மயங்கிவிட்டது, மயங்காத ஐடி. ‘குறிமயக்கம்’ இன்னும் சுருக்கம்தான், ஆனால் ‘குறி’ என்று எழுதினால் நம் ஆட்கள் வேறு எங்கோ போய்விடுவார்கள், வேண்டாம்.

மயக்கம் என்றால் தலைசுற்றல் ஆயிற்றே, சர்வருக்கு சோடா தெளிக்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: உருபு மயக்கத்துக்கு இதுவரை யாரும் தெளித்ததில்லை.

ஹாஷ் (ஒரு கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சிறிய அடையாள மதிப்பு) விஷயத்தில் மட்டும் மோதல் இருக்கட்டும். 2017ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் ஷா-1 என்ற ஹாஷ் முறையில் ஒரே மதிப்புள்ள இரண்டு பிடிஎஃப்களை உருவாக்கிக் காட்டின. வேண்டுமென்றே கொண்டுபோய் முட்டவைத்தது அது, சொல் பொருந்துகிறது.

செயலியைத் திருத்திவிட்டேன். ஐடி இப்போது பேக்கப்பில் போவதில்லை, புது ஃபோனில் திறந்ததும் புதிதாக உருவாகும். ஒய்ஜேஎஸ் என்ற சிஆர்டிடி நிரல்தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், ஆவணத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய 32 பிட் எண்ணை எடுக்கிறது. 32 பிட் சின்னது, சுமார் 77,000 எண்கள் எடுத்தாலே எங்காவது இரண்டு ஒன்றாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆனால் ஒரே ஆவணத்துக்கு அவ்வளவு எண் எங்கே வரப்போகிறது.

அப்புறம் இன்னொன்று. ஓடும் எண்ணுக்கு முன்னால் ஒட்டும் அந்த ஃபோன் ஐடியை ‘தலைப்பெழுத்து’ என்றே சொல்லலாமா? அது எழுத்து இல்லையே, எண்ணாயிற்றே என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.