பின்சக்கரத்தில் ஸ்ப்ராக்கெட் உட்கார மறுத்த அனுபவங்கள்

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி):

சைக்கிளில் எஞ்சின் பூட்டும் கிட்டோடு வரும் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டை (எஞ்சினின் செயின் ஓடும் பற்சக்கரத் தட்டு) பற்றித்தான் பேச்சு. 44 பல், 9 துளை, சக்கரக் கம்பிகளை இருபுறமும் நெருக்கும் இரண்டு ரப்பர் வளையம், உள்ளே கொடுக்கும் பிறைத் தகடுகள் என்று கிட்டில் வருபவற்றை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் வண்டி நம் ஊர் 28 அங்குலக் கறுப்பு சைக்கிள். முன்சக்கரத்தில் 32 கம்பியும் பின்சக்கரத்தில் 40 கம்பியும் கோத்த பழைய ஏற்பாடு. கிட்டோ 36 கம்பியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 36 என்றால் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் இடது விளிம்பில் 18 கம்பிகள் வரும், அவற்றின் நடுவே 9 போல்ட்டுகளும் ஒரே சீரான இடைவெளியில் விழுந்துவிடும். 40 கம்பிச் சக்கரத்தில் பக்கத்துக்கு 20 என்பதால், தட்டை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் சில போல்ட்டுகள் கம்பியின் மீதுதான் போய் முட்டுகின்றன.

சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் சக்கரத்தைக் கொடுத்தேன். கம்பியோடு உரசி நின்ற ஒரு போல்ட்டை அவர் 10 ஸ்பேனரால் அரைச் சுற்று முடுக்கியதும், அந்தக் கம்பி "டிங்" என்று ஒலித்தது. அவர் கையை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிப் பார்த்தார். ஒன்று தொளதொளவென்று இருந்தது, அடுத்தது விறைத்து நின்றது. "இது ஆளைத் தாங்கப் போட்ட கம்பி தம்பி. இப்படி வளைச்சு வெச்சிட்டு எங்கிட்டக் கோட்டம் எடுக்கக் கொண்டு வராதீங்க" என்று சொல்லியபடியே எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு 36 துளை ஹப்பும் ரிம்மும் வாங்கி அவரிடமே கோக்கச் சொன்ன பின்புதான் வேலை முடிந்தது. எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும் என்று எழுதி, அதே கறுப்பு சைக்கிளின் படத்தையும் போட்டு விற்றவர்களை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 40 கம்பியை மாற்றாமலே யாராவது பொருத்தியிருக்கிறீர்களா?

இடப்பக்கச் செயின் (ஆஸ்டின், டெக்சஸ்):

இங்கே கிடைக்கும் 26 அங்குலக் கடற்கரை சைக்கிள்களில் பெரும்பாலும் 36 கம்பிதான் இருக்கிறது, ஆகவே பொருத்துவதில் எனக்குச் சிக்கல் வரவில்லை. என்னை விடாமல் நச்சரிப்பது நண்பர் ஒருவரின் வண்டி. சக்கரத்தைக் கையால் சுற்றினால் செயின் ஓரிடத்தில் தொங்கும், அரைச் சுற்றுக்குப் பின் நாண் ஏற்றிய வில்லைப் போல் இறுகும். இருந்தும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். தெருமுனையை அடைவதற்குள் கிட்டோடு வந்த, செயினின் தொய்வை எடுக்கும் டென்ஷனர் உருளை உள்பக்கமாகத் திரும்பிக் கம்பிகளுக்குள் நுழைந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டு, கறுப்புத் தடம் பதிய வண்டி சறுக்கி நின்றது. அவர் கால் ஊன்றிக்கொண்டதால் விழவில்லை. ஆனால், அறுந்த கம்பிகள் சாலையில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. டென்ஷனரைத் தூக்கி எறிந்துவிட்டு, செயினில் ஒரு கண்ணியையோ அரைக் கண்ணியையோ குறைத்து நீளத்தைச் சரிசெய்வதே பாதுகாப்பு என்பது என் தீர்மானமான கருத்து.

கோட்டம்:

மேலே எழுதியவரின் தீர்மானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஓரிடத்தில் தொங்கி மறு இடத்தில் இறுகும் செயின், ஸ்ப்ராக்கெட் மையம் தப்பி இருக்கிறது என்பதை அவருக்கே சொல்லியிருக்கிறது. 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 4 முறை சுற்றுகிறது, அதாவது அந்த டென்ஷனரின் பிடி நிமிடத்துக்கு 240 உதை வாங்குகிறது. அது பற்றியிருக்கும் சைக்கிள் சட்டகக் குழாயோ பின்னோக்கிப் போகப் போக மெலிவது. ஆகவே பிடி நகர்ந்தால் தளர்வதும், தளர்ந்தால் உருளை உள்பக்கம் திரும்புவதும் தவிர்க்க முடியாதவை. டென்ஷனரை எடுத்துவிட்டு அதே மையம் தப்பிய தட்டில் செயினைக் குறைத்துப் போட்டிருந்தால், இறுகும் இடத்தில் எஞ்சினின் சிறிய பற்சக்கரம் அந்த அடியை வாங்கியிருக்கும்.

என் அனுபவம் சிறியது: பழைய வண்டி ஒன்றைப் பிரித்தபோது, ஸ்ப்ராக்கெட் பற்களின் உள்முகம் மட்டும் கண்ணாடியாகத் தேய்ந்து மின்னியதைப் பார்த்தேன். செயின் கோணலாக ஓடியதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வெறும் சக்கரத்தைக் கோட்டம் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் ஸ்ப்ராக்கெட் கம்பிகளின் மீதுதான் உட்காருகிறது. ஹப்பின் தூசி மூடி தட்டின் நடுத்துளையை இடிக்கிறதா என்று பார்த்து, இடித்தால் மூடியைக் கழற்றியோ ஓரத்தை வெட்டியோ ஆக வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள் தட்டு ஒருபக்கமாகத் தூக்கி நிற்பதற்கு ரப்பரைக் குறை சொல்கிறார்கள். எல்லா நட்டுகளையும் விரலால் ஏற்றிய பின், எதிரெதிராக மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்க வேண்டும். பாதி இறுக்கத்தில் ஒரு பென்சிலைக் குழாயில் கட்டி, அதன் முனை பற்களின் நுனியைத் தொடாமல் தொடும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால், எந்த இடம் எழும்புகிறது என்று தெரியும். எழும்பும் இடத்தை மரச்சுத்தியலால் மையம் நோக்கித் தட்ட வேண்டும். தட்டு 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால் பென்சில் முனையில் அது 2 மில்லிமீட்டராகத் தெரியும் என்பதால் கண்ணுக்குத் தப்பாது. பக்கவாட்டு ஆட்டத்தைத் தட்டிச் சரிசெய்ய முடியாது, வெளியே தள்ளி நிற்கும் பக்கத்து நட்டுகளை மட்டும் சற்றுக் கூடுதலாக முடுக்கித்தான் சரிசெய்ய வேண்டும். அதன் பின் நேரான இரும்புப் பட்டை ஒன்றைப் பின் தட்டின் முகத்தோடு ஒட்டிவைத்து, அது எஞ்சின் பற்சக்கரத்தை நோக்கி நேராகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டு லேசாகக் குழிந்தது என்பதால், திருப்பிப் போட்டாலே கோடு சரியாகிவிடுவதும் உண்டு. டென்ஷனர் கடைசியில்தான், அதுவும் செயின் மிக இறுகும் இடத்தில் 12 மில்லிமீட்டர் அளவு தொய்வு இருக்கும்படி. ரப்பர் அமுங்கும் என்பதால் முதல் ஓட்டத்துக்குப் பின் 9 நட்டுகளையும் மறுபடி பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

வெர்னியர்:

இத்தனை பாடும் ரப்பரால் வருவது என்பதே என் எண்ணம். நான் ரப்பரை விட்டு, ஹப்பையே கவ்விக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் இரண்டு பாதி அலுமினிய அடாப்டருக்கு மாறிவிட்டேன். அதில் எஞ்சினின் இழுவை கம்பிகளைப் போல்ட்டால் நெருக்காமல் ஹப் வழியாகவே போகிறது. ஆனால் அதுவும் சும்மா உட்காரவில்லை. லேத் பட்டறையில் இருந்த பெரியவர், ஹப்பில் அடாப்டர் பிடிக்க வேண்டிய இடத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்துவிட்டு, கம்பி விளிம்பை ஒட்டிய இடத்தில் ஓர் அளவும் வெளிவிளிம்பில் வேறோர் அளவுமாக இரண்டு எண்களைச் சாக்பீஸால் மேசையில் எழுதினார். ஹப் உருளையாக இல்லை, சரிந்திருந்தது. அப்படியே இறுக்கியிருந்தால் அடாப்டர் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டே வந்திருக்கும். அந்தச் சரிவுக்கு ஏற்றபடி அடாப்டரின் உள்துளையைக் கடைந்து கொடுத்தார். கூலியாக அவர் கேட்ட தொகை ஒரு தேநீர்ச் செலவுக்குச் சற்று மேல்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி):

கோட்டம் அவர்களே, நீங்கள் எழுதியது அனைத்தும் சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் கேட்டது 40 கம்பியைப் பற்றி, உங்கள் நீண்ட பதிலில் அந்த எண் ஓரிடத்திலும் இல்லை. வெர்னியர் அவர்களே, கழற்றி வைத்திருக்கும் பழைய 40 துளை ஹப்பை இப்போது எடுத்துப் பார்த்தேன். இடது விளிம்புக்கு வெளியே அடாப்டர் கவ்வும் அளவுக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை, விளிம்பை ஒட்டியே அச்சின் பேரிங் கோன் தொடங்கிவிடுகிறது. உங்கள் பெரியவர் இதை லேத்தில் ஏற்றி ஒரு வளையத்தைப் பற்றவைத்துக் கடைந்து கொடுப்பாரா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?