துடுப்பில் கேட்டது, திரையில் தொட்டது

கல்லடிப்பாலம் (தொடங்கியவர்)

அப்பா எனக்குக் காட்டிய முதல் கருவி ஒரு துடுப்பு. எனக்கு அப்போது ஏழு வயது. பூரணைக்கு முதல் நாள் இரவு, தோணியை மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் பிடியை என் காதோடு அழுத்தி வைத்தார். "மூச்சை அடக்கு" என்றார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சைக்கிள் கம்பியை விரலால் சுண்டினால் வருமே, அப்படி ஒன்று. நின்றது, திரும்ப வந்தது. எங்கள் வாவியின் 'பாடும் மீன்' என்பது இதுதான்; பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்று ஊரில் இன்னும் வாதம் நடக்கிறது. 1950களில் லாங் என்ற இயேசு சபைக் குருவானவர் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் துடுப்பே போதுமாக இருந்தது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு மகளைக் கூட்டிப்போனேன். தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி வைத்திருந்தார்கள். வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். அவள் ஒரு பழைய நகரத்துக்குள் ஆறு நிமிடம் நடந்தாள். கழற்றியதும் "நல்லா இருந்தது அப்பா, தலை சுத்துது" என்றாள். அடுத்த நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துடுப்பு எனக்கு முப்பது வருடமாக மறக்கவில்லை.

நூதனசாலை, கோட்டை, கோயில், எங்கேயாவது தொட்டு, மாட்டி, கேட்டுப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நல்லதும் சரி, வேலை செய்யாமல் கிடந்ததும் சரி.

புளியந்தீவான், இப்போது ஜெர்மனி

துடுப்பு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பல வருடங்களுக்கு முன் டிரெஸ்டன் நகரத்துக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போனோம். எல்ப் ஆற்றங்கரையில் உயரமான ஒரு நடைபாதை, ஓரத்தில் பிடிக்கம்பி. அதில் ஒரு சின்ன அடையாளம்: ஒரு ஆள் இரண்டு முழங்கையையும் கம்பியில் ஊன்றி, கைகளால் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற படம். திரை இல்லை, பொத்தான் இல்லை. நானும் அப்படியே நின்றேன்.

விமானச் சத்தம். அப்புறம் குண்டுகள். 1945 பெப்ரவரி 13 இரவு அந்த நகரத்தின் மேல் விழுந்தவை. கையை எடுத்தால் ஒன்றுமில்லை; பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள், ஆற்றில் படகு போகிறது. திரும்ப ஊன்றினால் குண்டு. கம்பியில் நுண்ணிய அதிர்வைக் கொடுத்திருக்கிறார்கள். அது முழங்கை எலும்பு வழியாகக் கைக்கு ஏறி, அங்கிருந்து மண்டையோட்டுக்குப் போய், உள்காதைத் தொடுகிறது. காற்று வழியாக வருவதில்லை என்பதால் ஊன்றினவருக்கு மட்டும்தான் கேட்கும்.

என் மனைவி என்னைப் பார்த்துவிட்டு "ஏன் அழுறீங்க" என்றாள். எனக்கு ஜெர்மன்காரர் மேல் விழுந்த குண்டு கேட்கவில்லை. எங்கள் ஊரில் 90ல் யுத்த நேரம் கேட்டதுதான் கேட்டது. அதை விடுவோம்.

நான் சொல்ல வந்தது, 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்துக்கும் இரும்புக் கைபிடி இருக்கிறது. 2013இல் புதுப்பாலம் வந்தபிறகு அதில் நிதானமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். அந்தக் கம்பியில் இப்படி ஒன்றைப் பொருத்தினால் எப்படி இருக்கும்?

வாழைச்சேனை

நான் பார்த்த தொடுதிரைகளில் பாதிக்கு மேல் அணைந்துதான் கிடந்தன. ஒன்றின் மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். என் அனுபவம் அவ்வளவுதான்.

திருத்துகிறவன்

பூச்சாடி வைத்ததை நானும் கண்டிருக்கிறேன். அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது என் தொழில், அதனால் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லலாம். இடங்களின் பெயர் வேண்டாம்.

கடலுக்குக் கிட்ட உள்ள ஊரில் திரையைச் சாகடிப்பது உப்புக்காற்று. பெட்டியின் காற்றாடி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், உப்பும் ஈரமும் சேர்ந்து மின்சுற்றுப் பலகையில் பச்சை பூக்கும். காற்றாடி இல்லாத, மூடிய பெட்டி கேட்டால் விலை கூட என்று வாங்க மாட்டார்கள். அடுத்தது கரண்ட். 2022இல் சில நாட்கள் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக இருட்டு இருந்தது நினைவிருக்கும். கணினியை முறைப்படி அணைக்காமல் மின்சாரம் திடீரென்று போனால், அது எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். ஐந்தாறு தடவை அப்படி ஆனால் ஒருநாள் எழும்பாது. ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் போதும். அதுவும் இருக்காது. யாரிடம் கடவுச்சொல் என்று கேட்டால், செய்துகொடுத்த கம்பனி ஒப்பந்தம் முடிந்து போய்விட்டது என்பார்கள்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது வேறொன்றுக்கு. ஒரு இடத்தில் "திரையில் தமிழ் வரவில்லை, வைரஸ் போல இருக்கு" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சிங்களமும் ஆங்கிலமும் ஒழுங்காக இருக்கின்றன. தமிழைத் தொட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கோலம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கத்தை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். பாமினி ஒரு முகமூடி மாதிரி: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் மட்டும் தமிழாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்தத் திரை அதற்கு முன் எட்டு மாதம் அப்படியே இருந்ததாம். எட்டு மாதத்தில் ஒரு தமிழ் ஆள் கூட முறையிடவில்லையா என்று கேட்டேன். "எல்லாரும் பார்த்திட்டு இங்கிலீஷை அமத்துவாங்க" என்றார் காவலாளி.

மகளுக்குத் தலை சுற்றியதற்குக் காரணம்: கண் நடக்கிறேன் என்கிறது, உள்காது இல்லை நிற்கிறாய் என்கிறது. இருக்க வைத்துக் காட்டினால் கொஞ்சம் குறையும்.

மருதமுனை

எங்கள் வாப்பா ஐம்பது வருடம் கைத்தறி நெய்தவர். ஒரு நூதனசாலையில் நெசவு பற்றி ஒரு விளையாட்டுத் திரை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆசையாகக் கூட்டிப்போனோம். திரையில் ஒரு தறி. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை விரலால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ள வேண்டும். வாப்பா தள்ளுகிறார், நாடா அசையவில்லை. அழுத்தித் தள்ளுகிறார், அசையவில்லை. நூல் அறுத்து அறுத்து அவருடைய விரல் நுனி தோல் செருப்பு மாதிரி ஆகிவிட்டது. பின்னால் நின்ற பிள்ளைகள் பொறுமை இழந்து நெளிகிறார்கள். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

என் மகள் வந்து பத்து செக்கனில் நெய்து முடித்தாள். "வாழ்த்துகள், நீங்கள் ஒரு நெசவாளர்" என்று திரை சொன்னது. வாப்பா கிட்டப் போய் உற்றுப் பார்த்துவிட்டு, "பாவே ஓட்டல்ல மகள், நீ எதுல நெய்த?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பாவு ஓட்ட, அதாவது நெய்வதற்கு முன் நீள நூல்களை இழுத்துக் கட்ட, காட்டிக்கொடுத்தார். இரண்டு நாள் ஆனது.

திருத்துகிறவன்

மருதமுனைக்கு: தொடுதிரை விரல் இழுக்கிற மிகச் சிறிய மின்னூட்டத்தைத்தான் உணர்கிறது, அழுத்தத்தை அல்ல. தோல் தடித்துக் காய்ந்திருந்தால் அது குறையும். உணர்திறனைக் கூட்டி வைக்கலாம், பல திரைகளில் கையுறைக்கு என்று ஒரு அமைப்பே இருக்கிறது. யாரும் தொட மாட்டார்கள். தறி பற்றிய திரையைத் தறிக்காரர் ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்காதது.

வகுப்பாசிரியை

நாங்கள் காசில்லாமல் செய்தது இது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் உள்ள மூத்தவர்களின் குரலை போனில் பதிந்து வரச் சொன்னேன். தலைப்பு 1978 நவம்பர் 23, சூறாவளி. ஆளுக்கு இரண்டு நிமிடம். வந்தவை எல்லாம் பதினைந்து, இருபது நிமிடம். வெட்டவே ஒரு கிழமை ஆனது. ஒரு அம்மம்மா கடைசி வரைக்கும் காற்றைப் பற்றிப் பேசவில்லை, விழுந்த தென்னைகளைத்தான் எண்ணிக்கொண்டு போனார்: வாசல் மரம், கிணற்றடி மரம், தம்பி பிறந்தபோது நட்ட மரம். அதை மட்டும் நான் வெட்டவில்லை.

ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கியூஆர் கட்டம் அச்சிட்டு பாடசாலைக் கண்காட்சியில் ஒட்டினோம். முதல் நாள் அமோகம். இரண்டு பிழை விட்டேன். ஒன்று, பளபளப்பான லேமினேட். வெயில் பட்டுப் பளீரென்று அடித்ததில் போனுக்குக் கட்டம் தெரியவில்லை. மற்றது பெரிய பிழை. இலவசமாகக் கட்டம் செய்துதரும் ஒரு தளத்தில் செய்தேன். இரண்டு கிழமை கழித்து ஸ்கேன் செய்தால் குரலுக்குப் பதிலாகப் பணம் கட்டச் சொல்லும் பக்கம் வருகிறது! அந்தக் கட்டத்துக்குள் இருந்தது எங்கள் முகவரி அல்ல, அவர்களுடைய முகவரி. அவர்கள்தான் நம்முடையதற்குத் திருப்பி விடுகிறார்கள். முகவரியை நேரே கட்டத்துக்குள் வைத்தால் இந்த வில்லங்கம் இல்லை. 1994இல் ஜப்பானில் கார் உதிரிப்பாகங்களைக் கணக்குப் பார்க்கக் கண்டுபிடித்த சாமான் இது. மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட அழிந்தாலும் வாசிக்கும்படி செய்யலாம். பிள்ளைகள் மை ஊற்றிச் சோதித்துப் பார்த்தார்கள், எனக்குத் தெரியாமல்.

பிறகு மட்டக்களப்புக் கோட்டைக்குப் போனோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் வந்தது எல்லாம் புத்தகத்தில் மனப்பாடம். அதற்குள் இருந்த கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலுவலாகப் போய்வந்த பிள்ளைகளுக்கு அது கோட்டை என்றே தோன்றியதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம், சுவரில் ஒன்றும் ஒட்டக்கூடாது. அதனால் பிள்ளைகளே கோட்டையைப் பற்றிச் சொல்லிப் பதிந்த குரல்களின் கட்டத்தை அட்டையாகக் கழுத்தில் மாட்டிக் கொடுத்தேன். நாலு கொத்தளத்துக்கு நாலு அட்டை. ஒரு பையன் வாவிப் பக்கக் கொத்தளத்தில் நின்று தன் சொந்தக் குரலைக் கேட்டுவிட்டு, "டீச்சர், நான் தப்பாச் சொல்லிட்டன், கப்பல் அந்தப் பக்கத்தாலதான் வந்திருக்கும்" என்றான். அங்கேயே நின்று திரும்பப் பதிந்தோம்.

காரைதீவு

விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் என்பதால் எங்களுக்கு யாழ் என்றால் ஒரு மயக்கம். அவர் பல வருடம் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டு, அடுத்த மாதமே போய்ச் சேர்ந்தார். என் தம்பி ஒரு பயிற்சி வேலைக்காகத் திரையில் மீட்டும் யாழ் செய்தான். ஏழு நரம்புச் செங்கோட்டியாழ். பேரியாழுக்கு 21 நரம்பு, திரையில் விரல் வைக்க இடமில்லை. ஊரில் ஒரு விழாவில் வைத்தோம். சின்னப் பிள்ளைகள் விடவே இல்லை.

வயதான ஒரு பண்டிதர் ஐயா வந்து, ஒரு நரம்பைத் தொட்டு, நீண்ட நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, இந்தச் சத்தம் எங்கே எடுத்தது?" என்று கேட்டார். தம்பி உண்மையைச் சொன்னான். மேல்நாட்டு ஹார்ப் ஒன்றின் ஒலி, கொஞ்சம் மாற்றியது. பழைய யாழின் நாதம் நம் காதுக்குக் கிடைக்கவில்லையே. ஐயா கோபப்படவில்லை. "அப்ப அதையும் அதிலேயே எழுதிப் போடு" என்றார். அன்றைக்கே திரையின் அடியில் எழுதினோம். அடுத்த முறை, எழுதியிருந்ததை வாசித்துவிட்டு ஒரு பிள்ளை "அப்ப உண்மையான சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டது. அந்தக் கேள்வி அதற்கு முன் ஒருவருக்கும் வரவில்லை.

பாசிக்குடா

விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். கடலுக்கடியில் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர், 53 மீற்றர் ஆழத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் தைத்து முழுக் கப்பலாக்கி என் போனில் சுழற்றிக் காட்டினார். சாதாரண சுழியோடிக்கு 40 மீற்றர்தான் எல்லை, எனக்கு அதுவும் இல்லை. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் தாழ்த்தியது, 307 பேர் இறந்தார்கள். எங்கள் மீன்காரருக்கு அது நல்ல மீன் இடம். பீரங்கியைச் சுற்றி மீன் கூட்டம் அசையாமல் நின்றது, படம் என்பதால். அந்த அசையாமைதான் என்னவோ செய்தது.

கல்லடிப்பாலம் (தொடங்கியவர்)

புளியந்தீவான் சொன்னதை வைத்து ஒன்று முயன்றேன். பாலத்தின் கம்பியில் கைவைக்கவில்லை, அதற்கு அனுமதி வேண்டும். திருத்துகிறவன் தனியாகச் செய்தி அனுப்பிச் சொல்லித்தந்தபடி, கடிகாரத்தில் பீப் அடிக்கும் வட்டத் தகடு ஒன்றை வாங்கி, வயரை ஒட்டி, தண்ணீர் புகாமல் இரண்டு பூச்சு எபொக்சி போட்டு, ஈயக்குண்டு கட்டி, தோணியிலிருந்து இறக்கினேன். சத்தத்தின் அதிர்வு தகட்டை நெளித்தால் அதில் மின்சாரம் வரும், அதைப் பெருக்கினால் ஹெட்போனில் கேட்கும். செலவு ஒரு கொத்து ரொட்டிக்கும் குறைவு, பெருக்கி இரவல்.

போன பூரணைக்கு மகளும் அம்மாவும் வந்தார்கள். அப்பாவின் பழைய துடுப்பையும் எடுத்துப் போனேன், போட்டிக்கு. ஹெட்போனில் எண்ணெய் பொரிகிற மாதிரி இடைவிடாத நறநறப்பு. இறால் கூட்டம் என்று நினைக்கிறேன். மகள் பதினைந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள், தலை சுற்றவில்லை. திடீரென்று "அப்பா, பாடுது!" என்று கத்தினாள். நான் வாங்கிக் கேட்டேன். நீளமாக, மேலே ஏறி இறங்கும் ஒரு நாதம். உடம்பு சிலிர்த்தது.

அம்மா துடுப்பை எடுத்துக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது நாவலடிப் பக்கம் போற தோணிட மோட்டர் மனே," என்றார். "அது போகட்டும். பொறுத்துக் கேளுங்க."