'குயின் ரெக்னன்ட்': தமிழில் எப்படிச் சொல்வது?

வடபழனி:
குழுவினருக்கு வணக்கம். கல்லூரித் திரையிடலுக்காக 'எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்' (2007) படத்தின் சப்டைட்டிலும் இரண்டு பக்க அறிமுகக் குறிப்பும் வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும். 1998 படத்தின் இரண்டாம் பாகம் இது. எலிசபெத் இங்கிலாந்தைத் தன் உரிமையில் ஆள்பவர். சிறையிலிருக்கும் மேரியோ பிறந்த ஆறாம் நாளிலேயே ஸ்காட்லாந்துக்கு அரசி. பிரான்சில் மன்னன் மனைவியாக அரசி. பிறகு மன்னனின் விதவை. தன் உரிமையில் அரசியானவர் ரெக்னன்ட், மன்னனின் மனைவி கன்சார்ட், மன்னனின் விதவை டவேஜர் என்று ஆங்கிலம் மூன்றையும் பிரிக்கிறது. முதலாவதற்குப் 'பட்டத்தரசி' என்று போட்டிருக்கிறேன். சரியா?

மயிலாப்பூர்:
சரியில்லை ஐயா. பட்டத்தரசி என்றால் பட்டமகிஷி, அரசனின் மனைவியருள் தலைமையானவள். சிலம்பில் கோப்பெருந்தேவி பாண்டியனோடு உயிர்விடுகிறாள். விடாதிருந்தாலும் மதுரை அவளுக்கு வந்திராது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியனுக்குத்தான் போயிருக்கும். சோழர் மெய்க்கீர்த்தியில் 'புவனமுழுதுடையாளொடும் வீற்றிருந்தருளிய' என்று வரும். அரசியின் பெயரில் புவனமே அவளுடையது, ஆள்பவன் சோழன். எலிசபெத்தைப் பட்டத்தரசி என்றால் வாசிப்பவர் முதலில் கணவரைத் தேடுவார். அவர் கடைசிவரை மணமே செய்துகொள்ளாதவர். கதையின் முடிச்சும் அதுதான்.
நம்மிடம் 'அரசாணி' இருக்கிறதே! மதுரையைத் தானே ஆண்ட அல்லிக்கு நாட்டுப்பாடல் தந்த பெயர். அரசு + ஆணி. அச்சாணி தேரைத் தாங்குவதுபோல் அரசைத் தாங்குபவள்.

தாம்பரம்:
அம்மா, அந்தப் பிரிப்பு நிற்காது. இந்திராணி, ருத்திராணி என்பவற்றில் வரும் வடமொழிப் பெண்பால் விகுதிதான் இந்த 'ஆணி'. தூய தமிழ் என்று இதைத் தூக்கிப்பிடிக்க முடியாது. நடைமுறைச் சிக்கலும் உண்டு. கொங்கில் அரசாணிக்காய் என்றால் பரங்கிக்காய். கோவை, ஈரோட்டுப் பிள்ளைகள் அரங்கில் பாதிப் பேர் இருப்பார்கள். மேரி வெட்டுமேடை ஏறும் இடத்தில் 'அரசாணி' என்று திரையில் வந்தால் காட்சியே கெட்டுவிடும்.
என் பரிந்துரை 'செங்கோலரசி'. மதுரையில் சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுக்கிறார்கள்; நான்கு மாதம் அவள் ஆட்சி. ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் போகிறது. செங்கோல் யார் கையில் என்பதே அளவுகோல்.

அண்ணா நகர்:
செங்கோல் என்றாலே முறைதவறாத ஆட்சி, எதிர்ச்சொல் கொடுங்கோல். எலிசபெத்துக்கு முன் ஆண்ட அக்காள் மேரி, 300 பேருக்கு அருகில் எரித்துக் கொன்றவர். அவரும் ரெக்னன்ட்தான். அவரைச் செங்கோலரசி என்பீர்களா? கலைச்சொல் நற்சான்று வழங்கக் கூடாது.
'ஆட்சியரசி' என்று எனக்குத் தனி மடலில் வந்ததும் ஆகாது. திரையில் ஓரிரு நொடிதான் எழுத்து நிற்கும். கண் 'ஆட்சியர்' என்று பிடித்துக்கொண்டு கலெக்டரிடம் போய்விடும். 'ஆளும் அரசி' போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

தாம்பரம்:
ஸ்காட்லாந்து மேரிக்கு அது பொருந்தாதே. 1567இல் முடிதுறக்க வைத்துவிட்டார்கள். 1587இல் தலை போகும்போது அவர் எதையும் ஆளவில்லை. ரெக்னன்ட் என்பது உரிமையைச் சொல்வது. 'ஆளும்' என்பது இப்போது நடப்பதைச் சொல்வது. அப்படியானால் 'உரிமையரசி' என்று வைக்கலாமா?

மயிலாப்பூர்:
பழந்தமிழில் 'உரிமை' என்பதற்கே மனைவி என்ற பொருளும் உண்டு. 'உரிமை மகளிர்' அந்தப்புரத்தார். சுற்றிச் சுற்றிப் பட்டத்தரசியிடமே வந்து நிற்கிறோம்.

வடபழனி:
எண்ணிப் பார்த்தேன். நம் மென்பொருள் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாகக் கணக்கிடுகிறது. 'செங்கோலரசி' கண்ணுக்கு 6, அதற்கு 10. வரிக்கு 42 என்ற வரம்பில் இது கடிக்கும். 'அரசாணி' 6தான், ஆனால் பரங்கிக்காய்ச் சிக்கல் தீரவில்லை. நான்கு பேர் 'ஆளும் அரசி' என்கிறார்கள். எலிசபெத்துக்கு அது, மேரிக்கு எல்லா இடத்திலும் 'ஸ்காட்லாந்து அரசி'. கன்சார்ட்டுக்குப் 'பட்டத்தரசி'யை நகர்த்திவிட்டேன். டவேஜருக்குக் 'கைம்பெண் அரசி' என்பது எனக்கே பிடிக்கவில்லை, வேறு சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் தாருங்கள்.

மயிலாப்பூர்:
திரையில் 'ஆளும் அரசி' இருக்கட்டும். அறிமுகக் குறிப்பில் ஒரே ஓர் இடத்தில், அடைப்புக்குறிக்குள்ளாவது, 'அரசாணி' என்று போடுங்கள். அல்லியின் பெயர் காய்க்கு மட்டும் மிஞ்சுவதை நான் ஏற்கவில்லை.