அன்குவாலிஃபைட் ரெஃபரன்ஸ்: ‘மொட்டைச் சுட்டு’ என்று வைப்போமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘அன்குவாலிஃபைட் ரெஃபரன்ஸ்’ (unqualified reference) என்ற நிரலாக்கச் சொல்லுக்கு, அதாவது எந்தச் செயலிக்கு உரியது என்று சொல்லாமல் நிரல்வரியில் ஒன்றைக் குறிப்பிடுவதற்கு, இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: தகுதியற்ற சுட்டு, கிழமையிலாச் சுட்டு, தோன்றாச் சுட்டு. நான்காவதாக நான் ஒன்றை முன்வைக்கிறேன்: மொட்டைச் சுட்டு. எது பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன், இந்தச் சொல் யாருக்கு, எந்த நேரத்தில் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா. போட்டி நடத்தும் அமைப்புகள் பலவற்றில் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் அக்சஸ் என்ற தரவுத்தளச் செயலியில் இருக்கும். சான்றிதழின் வார்ப்புரு வேர்டில் இருக்கும். பொத்தானைத் தட்டினால் அக்சஸ் வேர்டைத் திறந்து, பெயர்களை நிரப்பி, பிடிஎஃப் ஆக்கிவிட்டு மூடவேண்டும். முதல் தடவை அருமையாக ஓடும். ஒரு பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று திருத்திவிட்டு மறுபடி தட்டினால், பிழை 462 என்று நின்றுவிடும். அக்சஸை மூடித் திறந்தால் ஒரு தடவை ஓடும், அப்புறம் திரும்பவும் 462.

தொலைவிலுள்ள சேவையகக் கணினி இல்லை அல்லது கிடைக்கவில்லை என்கிறது அந்தப் பிழைச்செய்தி. இங்கே சேவையகம் என்பது வேர்டுதான். ஏவுவது அக்சஸ், செய்து தருவது வேர்டு. இரண்டும் ஒரே மடிக்கணினியில் இருக்கின்றன. ஆனால் செய்தியைப் படிக்கும் தொண்டூழியர் என்ன செய்வார்? வைஃபையைப் பார்ப்பார், கம்பியைப் பிடுங்கிச் செருகுவார். செய்தியை அப்படியே தமிழாக்கினாலும் அவர் அதையேதான் செய்வார். அதனால்தான் காரணத்துக்கு ஒரு நல்ல பெயர் வேண்டும் என்கிறேன்.

காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு வரி. அக்சஸ் நிரலில் வேர்டைத் திறந்து, அதன் பிடியை ‘வேர்டுஆப்’ என்று பெயரிட்ட மாறியில் வைத்திருப்போம். அதன்பின் எல்லா வரியும் வேர்டுஆப்.செலக்‌ஷன், வேர்டுஆப்.ஆக்டிவ்டாக்குமென்ட் என்று ஒழுங்காகப் போகும். வேர்டில் பதிவுசெய்த மேக்ரோவிலிருந்து வெட்டி ஒட்டிய வரி மட்டும் வெறும் செலக்‌ஷன்.டைப்டெக்ஸ்ட் என்று நிற்கும். வேர்டுக்குள் அது சரி. அக்சஸுக்குள் அது யாருடைய செலக்‌ஷன்? இந்த நிரலை ஓட்டும் விபிஏ மொழி நம்மிடம் கேட்பதில்லை. வேர்டின் நூலகம் (வேர்டின் கட்டளைப் பெயர்களின் தொகுப்பு) அக்சஸ் நிரலுடன் இணைக்கப்பட்டிருப்பதால், தானாகவே வேர்டை நோக்கி மறைவாக ஓர் இணைப்பைப் போட்டுக்கொள்கிறது. வேலை முடிந்து நாம் வேர்டுஆப்பை குவிட் செய்து (மூடி) நத்திங் ஆக்கினாலும் (மாறியைக் காலியாக்கினாலும்), அந்த மறைவான பிடி விடுவதில்லை.  அடுத்த ஓட்டத்தில் அந்த வரி பழைய வேர்டையே தேடிப் போகிறது. அது போய்விட்டது, ஆகவே 462.

இன்னும் மோசமான ஒன்று: அப்ளிகேஷன்.குவிட் என்று முன்னால் எதுவும் போடாமல் எழுதினால், மூடிக்கொள்வது வேர்டு அல்ல, அக்சஸ். அங்கே அந்தப் பெயர் அக்சஸுக்கே உரியது.

சரி, சொற்களுக்கு வருவோம்.

‘தகுதியற்ற’ வேண்டாம். இங்கே பேச்சு தகுதியைப் பற்றியது அல்ல, உடைமையைப் பற்றியது. ‘கிழமையிலாச் சுட்டு’ பொருளில் மிகச் சரியானது. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை, அதாவது உடைமைப் பொருளை, எடுத்து வைத்த நண்பரைப் பாராட்டுகிறேன். ஆனால் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ‘கிழமை’ என்று படித்தால் திங்களும் செவ்வாயும்தான் நினைவுக்கு வரும். ‘தோன்றாச் சுட்டு’ அழகு. ஆனால் அது நினைவூட்டும் தோன்றா எழுவாயில் (வாக்கியத்தில் வெளிப்படாத எழுவாயில்) குறை எதுவும் இல்லை. ‘வந்தான்’ என்றால் அவன் என்பதை ஆன் விகுதியே சொல்லிவிடுகிறது. நம் நிரல்வரியில் அப்படி விகுதி கிடையாது, கணினி ஊகிக்கிறது. குறையான ஒன்றுக்குக் குறையில்லாத ஒன்றின் பெயரை வைத்தால் பாடம் நடத்துபவர் சிரமப்படுவார்.

மொட்டைக் கடிதம் நம் எல்லாருக்கும் தெரியும். அனுப்பியவர் பெயர் இருக்காது, ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். பிரச்சினை பிறகுதான் வரும். இந்த வரியும் அதேபோல் முதல் தடவை வேலை செய்துவிடுகிறது. வகுப்பில் “இந்த வரி மொட்டையா நிக்குது பாருங்க” என்று சொன்னால் மாணவர் கண் நேரே அந்த இடத்துக்குப் போகும். ‘மொட்டை’ பேச்சுச்சொல், தேர்வுத்தாளுக்கு ஆகாது என்று ஓர் ஐயா எழுதக்கூடும். மொட்டைக் கடிதம் என்று செய்தித்தாள்கள் கூச்சமில்லாமல் எழுதுகின்றன, ஐயா. தமிழ்க் கணினி முன்னோடியான நம் ஊர் நா. கோவிந்தசாமி இன்டர்நெட்டுக்குத் தந்த ‘இணையம்’ நிலைத்ததும், சொல்ல எளிதாகவும் கேட்டவுடன் பிடிபடுவதாகவும் இருந்ததால்தான்.

பாயின்டருக்கு (நினைவகத்தின் ஓர் இடத்தைக் காட்டும் மாறிக்கு) ‘சுட்டி’ இருப்பதால் குழம்புமோ என்ற கேள்வி நியாயமானது. முன்னால் ‘மொட்டை’ இருக்கும்வரை குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். நூலக ரெஃபரன்ஸை மட்டும் ‘சுட்டு’ என்று சொல்லவேண்டாம். அது ‘நூலக இணைப்பு’ என்றே இருக்கட்டும். எதிர்ச்சொல்லும் எளிதாகக் கிடைக்கிறது: முழுச் சுட்டு.

எல்லா வழுவையும் இந்தப் பெயரில் அடைக்கக்கூடாது. ஓடாத வேர்டை, ஓடும் செயலியைப் பிடிக்கும் கெட்ஆப்ஜெக்ட் கட்டளை கொண்டு பிடிக்கப் போனால் பிழை 429 வரும். வார்ப்புருவில் இல்லாத புக்மார்க்கைக் (பெயரிட்ட இடத்தை) கேட்டால் 5941 வரும். அவை வேறு.

மொட்டைச் சுட்டுகளைப் பிடிக்கும் வழியும் சொல்லின் விளக்கத்தில் இடம்பெறவேண்டும். எல்லா மாறியையும் அறிவிக்கச் சொல்லும் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் வரியைப் போட்டு, மாறிகளை ஆப்ஜெக்ட் என்ற பொது வகையில் அறிவித்து, வேர்டு நூலக இணைப்பை எடுத்துவிட்டுத் தொகுத்தால், மாறி அறிவிக்கப்படவில்லை என்று பெரும்பாலான மொட்டை வரிகளில் விபிஏ நிற்கும். வேர்டின் மாறிலிப் பெயர்களிலும் (எண்ணுக்குப் பதிலாக எழுதும் நிலையான பெயர்களிலும்) நிற்கும், அங்கே எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். பிடிஎஃப் வடிவத்துக்கு 17. ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் இல்லாவிட்டால் அந்த மாறிலிப் பெயர் சுழியமாகிவிடும். அப்போது பெயரில் மட்டும் பிடிஎஃப் ஆன, உள்ளே பழைய டாக் வடிவத்தில் உள்ள கோப்பு கிடைக்கும்; பிடிஎஃப் செயலி அதைத் திறக்காது.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு: “மொட்டைச் சுட்டு: எந்தச் செயலிக்கு அல்லது ஆவணத்துக்கு உரியது என்று முன்னால் குறிப்பிடாமல் எழுதிய சுட்டு.” ‘முழுச் சுட்டு’க்கு இதைவிட நல்ல சொல் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அதில் எனக்கே இன்னும் முழுத் திருப்தி இல்லை.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து