அவசரம்: லைப்ரரி லாகின்ல ஆர்ட்டிகிள் வரல, கைடு பிப்ளியோகிராஃபியையும் திருப்பிக் குடுத்துட்டாங்க

தீசிஸ்_டென்ஷன் | வெள்ளி இரவு 10:42
யாராவது ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ். ஒரு ஆர்ட்டிகிள் வேணும், லைப்ரரி லாகின்ல போன வாரம் வந்துச்சு, இப்ப காசு கட்டச் சொல்லுது. அதே லிங்க்தான், சேவ் பண்ணி வச்சிருந்தேன், பாஸ்வேர்டும் சரியாத்தான் போடுறேன். இன்னொண்ணு, பிப்ளியோகிராஃபில நான் போட்ட லிங்க் ஒண்ணுகூட ஓபன் ஆகலைன்னு கைடு சிவப்புல வட்டம் வட்டமா போட்டு திருப்பிட்டாங்க, என் லேப்டாப்ல நல்லாத்தான் ஓபன் ஆச்சு?? திங்கக்கிழமை சேப்டர் குடுக்கணும்.

மாடிப்படி | 10:51
எந்த ஆர்ட்டிகிள்? எந்த ஜர்னல்? வீட்ல இருந்து பாக்குறீங்களா கேம்பஸ்லயா?

கேம்பஸ்_வைஃபை | 10:55
அரசுப் பல்கலையா, தனியாரா? அத சொல்லாம யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரே நாடு ஒரே சந்தான்னு மத்திய அரசே ஜர்னல்களுக்கு மொத்தமா சந்தா கட்டுற திட்டம் வந்ததுல இருந்து எல்லாமே மாறிப்போச்சு, 2025 ஜனவரில இருந்து அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான், ஏறக்குறைய 6,300 நிறுவனம், 30 பதிப்பகம், 13,000 ஜர்னல். தனியார்ல படிக்கிறீங்கன்னா அதான் காரணம், நூறு சதவீதம் அதான்.

ஜேஸ்டார்_ரசிகன் | 11:03
எதுக்கு இவ்ளோ கஷ்டம், ஜேஸ்டார்னு பழைய ஆய்வு இதழ்களை ஆன்லைன்ல வச்சிருக்குற தளம் இருக்கு, அதுல உங்க மெயில் வச்சு ஃப்ரீ அக்கவுண்ட் போடுங்க, மாசத்துக்கு 100 கட்டுரை ஆன்லைன்ல ஓசியில படிக்கலாம். நான் எம்ஃபில் முழுக்க அதுலதான் ஓட்டினேன், லைப்ரரி பக்கமே போகல.

பேராசிரியர்_ஓய்வு | 11:20
ஆய்வாளர்னு சொல்லிக்கிறவங்க கட்டுரையோட தலைப்பே இல்லாம உதவி கேக்குற காலம் வந்திருச்சு. எங்க காலத்துல கார்டு கேட்டலாக்ல விரல் தேயத் தேடினோம். ஆய்வு நெறிமுறைன்னு ஒரு தாள் கோர்ஸ் வொர்க்ல இருந்திருக்குமே, அன்னைக்கு லீவா?

மாடிப்படி | 11:22
சார் அவங்க டென்ஷன்ல இருக்காங்க, விடுங்க.

தீசிஸ்_டென்ஷன் | 11:48
ஸாரி ஸாரி. அரசுப் பல்கலைதான். இப்ப ஊர்ல இருக்கேன், மொபைல் ஹாட்ஸ்பாட். ஏ.கே. ராமானுஜன் கட்டுரை, இந்திய சிந்தனை முறைன்னு ஒண்ணு இருக்கான்னு கேட்டு எழுதினாரே அது. காண்ட்ரிப்யூஷன்ஸ் டு இண்டியன் சோசியாலஜி, 1989. லிங்க் இதான்: [லிங்க்]

சீரியல்ஸ்_செக்ஷன் | 11:59
நான் ஒரு பல்கலை நூலகத்துல இதழ்கள் பிரிவுல வேலை பாக்குறேன் (உங்களுது இல்ல). உங்க லிங்க்கை நல்லா உத்துப் பாருங்க தங்கச்சி. பதிப்பகத்தோட பேர்ல புள்ளி இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் சின்னக் கோடு இருக்கா, அதுக்குப் பின்னாடி உங்க பல்கலை பேர் ஒட்டிட்டு இருக்கா? அது கட்டுரையோட முகவரி இல்லம்மா, ப்ராக்ஸி முகவரி. நீங்க வீட்ல இருந்து லாகின் பண்ணும்போது உங்க நூலக சர்வர் நடுவுல நின்னு, "இவங்க எங்க ஆளு"ன்னு பதிப்பகத்துகிட்ட சொல்லி வாங்கித் தருது. அந்த அனுமதி கொஞ்ச நேரத்துக்குத்தான். வெளியாள் யாராவது அந்த லிங்க்கைத் தட்டினா லாகின் பக்கத்துல போய் முட்டிக்கிட்டு நிக்கும். உங்க கைடுக்கு நடந்தது அதான். அவங்க கேம்பஸ் ஐடி போட்டிருந்தா ஓபன் ஆகியிருக்கும், ஆனா நாளைக்கு வெளியூர்ல இருந்து வர்ற எக்ஸாமினர் எந்த ஐடி போடுவாரு?

அட்ரஸ் பார்ல இருக்கறத காப்பி பண்ணி பிப்ளியோகிராஃபில ஒட்டாதீங்க, அவ்ளோதான். கட்டுரைப் பக்கத்துலயே டிஓஐன்னு ஒரு எண் இருக்கும், 10-ல ஆரம்பிக்கும், இந்தக் கட்டுரைக்கு 10.1177-ல ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி டிஓஐ டாட் ஆர்க் சேர்த்துப் போட்டா பதிப்பகம் நாளைக்கு வெப்சைட்டையே மாத்தினாலும் சரியான பக்கத்துக்குக் கொண்டு போய் விட்டுடும். ஏபிஏ 7ங்கற மேற்கோள் ஸ்டைல்ல அந்த வடிவத்துலதான் கேக்குறாங்க, முன்னாடி "ரிட்ரீவ்டு ஃப்ரம்" எதுவும் வேண்டாம். உங்க கைடு என்ன ஸ்டைல் கேக்குறாங்கன்னு இன்னும் சொல்லல.

இப்ப ஒரு கேள்வி. போன வாரம் "வந்துச்சு"ன்னா பிடிஎஃப் முழுசா டவுன்லோடு ஆச்சா?

கேம்பஸ்_வைஃபை | சனி 12:06
அரசுப் பல்கலைன்னா, அந்த ஜர்னலைப் போடுற சேஜ் பதிப்பகம் ஒரே சந்தால இருக்கே, வரணுமே. லாகின் ஐடி மாறியிருக்கும், அதான் காரணம்.

யாழ்_வாசகன் | 12:15
ஜேஸ்டாரில அந்த இதழ் இருக்குதோ எண்டு இப்பதான் தேடிப் பாத்தன், எனக்கு ஆப்பிடேல்லை. எங்கட ஈழத்து இதழெண்டால் நூலகம் தளத்தில தேடிப் பாருங்கோ எண்டு சொல்லுவன், இதுக்கு அது சரிவராது.

ஜேஸ்டார்_ரசிகன் | 12:18
சரியா தேடியிருக்க மாட்டீங்க.

யாழ்_வாசகன் | 12:19
அப்ப நீங்களே தேடிப் பாத்துச் சொல்லுங்கோவன்.

தீசிஸ்_டென்ஷன் | 12:31
இல்லக்கா... முதல் பக்கம் ஸ்க்ரீன்ல தெரிஞ்சுச்சு, வந்திருச்சுன்னு சந்தோஷத்துல டேப்பை மூடிட்டேன். லிங்க் மட்டும் சேவ் பண்ணேன். ஸ்டைல் ஏபிஏன்னு நினைக்கிறேன்

சீரியல்ஸ்_செக்ஷன் | 12:40
அப்ப அன்னைக்கும் வரலம்மா. முதல் பக்கத்தை யாருக்கு வேணா காட்டுவாங்க. கேம்பஸ்_வைஃபை தம்பி, லாகின் எல்லாம் காரணமில்ல, வருஷத்தைப் பாருங்க: 1989. சேஜ் ஜர்னல்ஸ் சந்தாத் தொகுப்புன்னு வாங்குறது வழக்கமா 1999ல இருந்துதான், அதுக்கு முந்தினதுக்கு பேக்ஃபைல்னு பேரு, அது தனிச் சரக்கு. ஒரு ஜர்னல் பேர் லிஸ்ட்ல இருக்குன்னா முதல் இதழ்ல இருந்து எல்லாம் வரும்னு அர்த்தமில்ல, பக்கத்துல எந்த வருஷத்துல இருந்துன்னு ஒரு பத்தி இருக்கும், அத யாரும் படிக்கறதில்ல. என் டேபிள்ல தினம் நாலு பேர் இதே கேள்வியோட வருவாங்க.

இரவுப்பறவை | 1:05
அந்த ரஷ்யா பக்கத்து சைட்ல போட்டா ரெண்டு செகண்ட்ல

மட்டுறுத்துநர் | 1:12
மேல உள்ள பதிவுல இருந்த லிங்க் நீக்கப்பட்டது. அந்தத் தளத்து மேல 2020 டிசம்பர்ல டெல்லி ஹைகோர்ட்ல பதிப்பகங்கள் போட்ட பதிப்புரிமை கேஸ் இருக்கு. சரியா தப்பான்னு வாதம் பண்றவங்க வேற இழை திறங்க.

பேராசிரியர்_ஓய்வு | காலை 6:10
இதுக்கு இவ்வளவு பேர் ராத்திரி முழுக்க முழிச்சிருக்கீங்க. அந்தக் கட்டுரை 1999ல ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவருடைய தொகுப்புக் கட்டுரைகள் நூல்ல இருக்கு. படிக்கிற பழக்கம் உள்ளவங்களுக்குத் தெரியும். புத்தகத்தை எடுத்துப் படிச்சிட்டு, 1989 இதழ்னு குறிப்புப் போட்டுட்டுப் போங்க, முதல்ல வெளிவந்த இடம்தானே முக்கியம்.

சீரியல்ஸ்_செக்ஷன் | 7:45
சார், புத்தகம் நல்ல யோசனை, ஆனா கடைசி வரிதான் உதைக்குது. இதழ்ல அது 23ஆம் தொகுதி, முதல் எண், பக்கம் 41 முதல் 58 வரை. புத்தகத்துல பக்க எண் வேற. இவங்க புத்தகத்தைப் பார்த்து பக்கம் எழுதி, தலையில இதழ் பேரைப் போட்டா சரிபார்க்கிறவர் இதழைத் திறந்து பார்க்கும்போது அந்தப் பக்கத்துல அந்த வரியே இருக்காது. கையில எது இருந்துச்சோ அதைத்தான் போடணும். புத்தகத்தைப் பார்த்தா புத்தகம், ஏபிஏல தீசிஸுக்குள்ள குறிக்கும்போது 1989/1999னு ரெண்டு வருஷமும் போட்டுக்கலாம்.

பேராசிரியர்_ஓய்வு | 8:02
முப்பது வருஷம் கைடா இருந்திருக்கேன். யாரும் அவ்வளவு உள்ள போய் பாக்குறதில்ல.

மாடிப்படி | 8:04
அதான் சார் பிரச்சனையே 😀

ஸோடெரோ_பக்தன் | 8:30
எல்லாருக்கும் ஒரே பதில் ஸோடெரோ சாஃப்ட்வேர். பட்டனைத் தட்டினா டிஓஐயில இருந்து ஆசிரியர், வருஷம், பக்கம் எல்லாம் தானா வந்து உக்காரும், காசு கிடையாது, வேர்டுலயும் ஒட்டிக்கும். கையால பிப்ளியோகிராஃபி அடிக்கறது அம்மிக்கல்லுல சட்னி அரைக்கிற மாதிரி.

நெல்லிக்காய் | 8:47
அம்மிச் சட்னிதான் ருசி. ஸோடெரோ தமிழ்ப் பேரை எல்லாம் குதறி வச்சிடும். முதல் பேர், கடைசிப் பேர்னு ரெண்டு கட்டம், நம்ம ஊர்ல கடைசிப் பேர் யாருக்கு இருக்கு? என் பேருக்குப் பின்னாடி பாஸ்போர்ட்டுக்காக அப்பா பேர் சேர்த்தேன், இப்ப என் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாலும் அப்பா பேர்தான் வருது. அவர் எட்டாவது வரைக்கும் படிச்சவர், ஆராய்ச்சி உலகத்துல பெரிய ஆள் ஆயிட்டார்.

ஸோடெரோ_பக்தன் | 8:55
பேர் கட்டத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ஐகான் இருக்கும், அதைத் தட்டினா ரெண்டு கட்டம் ஒண்ணாயிடும். கருவியைக் குத்தம் சொல்லாதீங்க.

யாழ்_வாசகன் | 9:10
ராமானுஜனுக்குப் பிரச்சினை இல்லை, "கே" தகப்பன்ர பேர் கிருஷ்ணசாமி, ராமானுஜன்தான் ஆளின்ர பேர், அப்ப "ராமானுஜன், ஏ. கே." எண்டு போட்டால் தன்பாட்டில சரியா வந்திடும். இனிஷியலை முன்னுக்குப் போட்ட ஆக்கள் எல்லாரும் தப்பினம். பேரை விரிச்சுப் பின்னுக்குத் தகப்பன் பேர் போட்டவைதான் மாட்டினம்.

நெல்லிக்காய் | 9:14
ஆமா, ஆனா தமிழ்ல எழுதுற தீசிஸ்ல எதுக்குப் பேரைத் திருப்பிப் போடணும்? ஏ.கே. ராமானுஜன்னு போட்டு ரா வரிசைல அடுக்கிட்டா போதாதா?

பேராசிரியர்_ஓய்வு | 9:30
போதாது. உலக வழக்கு ஒண்ணு இருக்கு.

நெல்லிக்காய் | 9:33
எந்த உலகம் சார்? நம்ம நூலகப் பட்டியல்ல "வையாபுரிப்பிள்ளை, எஸ்."னு போடுறது தலைப்புச் சொல் அவர் பேரா இருக்கணும்னுதான், குடும்பப் பேருன்னு இல்ல. அந்த லாஜிக் வேற, இந்த லாஜிக் வேற.

மாடிப்படி | 9:50
தங்கச்சி எங்க? இருக்காங்களா?

சீரியல்ஸ்_செக்ஷன் | 10:05
தீசிஸ்_டென்ஷன், இன்னைக்கு சனிக்கிழமை, உங்க நூலகம் திறந்திருந்தா ஒரு வேலை பண்ணுங்க. ஆன்லைனை மறந்துடுங்க. இந்த ஜர்னலை எல்லாம் பழைய பல்கலைகள் அச்சுலயே வாங்கி வருஷா வருஷம் பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க. பீரியாடிகல்ஸ் எங்கன்னு கேளுங்க, பேரையும் 23ஆம் தொகுதின்னும் சீட்டுல எழுதிக் குடுங்க. இல்லன்னா நூலகரைக் கேட்டா வேற நூலகத்துல இருந்து நகல் வாங்கித் தருவாங்க, அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். ஊர்ல இருந்தா கேம்பஸ்ல இருக்கற ஃப்ரெண்டை அனுப்புங்க.

மத்த லிங்க்குகளையும் ஒண்ணொண்ணா டிஓஐக்கு மாத்துங்க. டிஓஐ இல்லாத பழைய தமிழ்க் கட்டுரைக்கு லிங்க்கே தேவையில்ல, இதழ், வருஷம், பக்கம் போதும். மாதிரி வேணும்னா, இந்தியப் பல்கலை தீசிஸ்களை ஏத்தி வைக்கற சோத்கங்கா தளத்துல உங்க துறைல சமீபத்துல போட்ட தீசிஸ் ஒண்ணை எடுத்துப் பாருங்க, ஆனா அதுல இருக்கறதெல்லாம் சரின்னு நம்பிடாதீங்க, அங்கயும் கோடு போட்ட ப்ராக்ஸி லிங்க் நான் பார்த்திருக்கேன்.

கேம்பஸ்_வைஃபை | 10:12
லாகின் ஐடியையும் ஒருதடவை செக் பண்ணிக்கோங்க எதுக்கும்.

ஸோடெரோ_பக்தன் | 10:40
@நெல்லிக்காய் ஐகான் கிடைச்சுதா?

நெல்லிக்காய் | 10:58
கிடைச்சுது. 61 என்ட்ரிக்கும் ஒண்ணொண்ணா தட்டணுமா?

தீசிஸ்_டென்ஷன் | ஞாயிறு இரவு 9:27
ஃப்ரெண்டு போயி எடுத்துட்டா. ரெண்டாவது மாடி, பைண்டு வால்யூம், 18 பக்கம் ஜெராக்ஸ், வாட்ஸாப்ல அனுப்பிட்டா. மூணு வருஷமா அந்த மாடிக்கு நான் ஏறினதே இல்ல. லிங்க் 34ல 29 மாத்திட்டேன், மீதி அஞ்சு எங்க இருந்து எடுத்தேன்னே ஞாபகமில்ல. தேங்க்ஸ் அக்கா. ஓடுறேன்