வேலை தேடி வந்தவங்க, போனவங்க: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

பட்டறைக்காரன், அம்பத்தூர்:
எஸ்டேட்ல சின்னதா ஒரு லேத்துப் பட்டறை. ஆறு பேர்ல நாலு பேர் பீகார். 2023 மார்ச்ல, இங்க பீகார்க்காரங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? ஹோலிக்குப் போறோம்னு மூணு பேர் கிளம்பிட்டாங்க. மிச்சம் இருந்த பையனோட அம்மா ராத்திரி பதினோரு மணிக்கு போன்ல ஒரே அழுகை. அவன் போனை என் கையில திணிச்சுட்டான். எனக்குத் தெரிஞ்ச இந்தி மொத்தமே பத்து வார்த்தை. "அம்மா, லட்கா டீக் ஹை", பையன் நல்லா இருக்கான்னு, அதையே நாலு தடவை சொன்னேன். அப்புறம் பீகார்லேர்ந்து அதிகாரிங்களே வந்து பார்த்துட்டுப் போனாங்க. போன மூணு பேர்ல ரெண்டு பேர் திரும்பி வந்தாங்க, ஒரு பை "சத்து"வோட. வீட்ல சத்துமாவுன்னு நினைச்சு பேரனுக்குக் கஞ்சி காய்ச்சிட்டாங்க. வறுத்த கடலை மாவுங்க அது!

டீச்சர், செங்குன்றம் பக்கம்:
எங்க பக்கம் செங்கல் சூளை அதிகம். மழை ஓய்ஞ்சதும் ஒடிசாவுலேர்ந்து, முக்கியமா பலாங்கீர் பக்கத்துலேர்ந்து, குடும்பம் குடும்பமா வருவாங்க. தை பிறந்ததும் என் வகுப்புல புதுசா ஆறேழு முகம். மே கடைசிக்குள்ள காணாமப் போயிடும். அடுத்த வருஷம் அதே பிள்ளை வருமான்னு தெரியாது. ஒரு பொண்ணு மூணு வருஷம் தொடர்ந்து வந்தா. முதல் வருஷம் வாயே திறக்கல. மூணாவது வருஷம் அவ அம்மா வந்தப்போ நான் சொன்னதை ஒடியாவுல மாத்திச் சொன்னது அவதான். "கணக்குல வீக்"னு நான் சொன்னேன், அவ என்ன சொன்னாளோ, அம்மா சிரிச்சுக்கிட்டே போனாங்க.

உள்ளூர்ப் பிள்ளைங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்கு சராசரி 1.8 குழந்தை, பீகார்ல 3.0. எனக்கு வருகைப் பதிவேட்டைப் பிரிச்சாலே தெரியுது.

வேளச்சேரி வாசி:
எல்லாம் சரி. தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு ஒரே ரூம்ல வெளி மாநிலப் பசங்க எட்டு பேரை அடைக்கிறாங்க எங்க தெரு ஓனருங்க. குடும்பஸ்தனுக்கு வீடு கிடைக்கல. கோபம் அந்தப் பசங்க மேல இல்ல. அப்புறம், நம்ம 39 எம்.பி. சீட்டு 1971 கணக்கெடுப்பை வெச்சுப் பிரிச்சது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்சதுக்கு, நாளைக்குப் புது ஜனத்தொகைக் கணக்கை வெச்சுப் பிரிக்கிறோம்னு அதுலயும் கை வைப்பாங்களோ என்னவோ.

மன்னார்குடியான், தாம்பரம்:
நான் 1991ல வேலைக்காக இங்க வந்தவன். ஊர்ல ரெண்டு ஏக்கர், தம்பி பார்த்துக்கிறான். போன புரட்டாசியில சம்பா நடவுக்குப் போனேன். எங்க தெருப் பொம்பளைங்க குலவை போட்டுக்கிட்டு நட்ட வயல். இப்போ கயிறு பிடிச்சு வரிசையா நடறது மேற்கு வங்காளத்து ஆம்பளைங்க, ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி. தெருவுல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. பிள்ளைங்க திருப்பூர், சென்னை, சிங்கப்பூர்.

வரப்புல நின்னுக்கிட்டிருந்தேன். அவங்க மேஸ்திரி வந்து, நல்ல தமிழ்லயே கேட்டார்: "சாருக்கு எந்த ஊரு?"

மெட்ராஸ்னு சொல்லிட்டேன்.