க்னோசோஸ் அரியணை அறை: தொட்டிக்கு மேல் கூரையா, திறப்பா?

கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள பண்டைய க்னோசோஸ் அரண்மனையின் அரியணை அறையை அட்டையில் 1:20 அளவில் செய்துவருகிறேன், மூன்று மாதமாயிற்று. வடக்குச் சுவரையொட்டி, அலையலையான முதுகு கொண்ட ஜிப்சம் அரியணையும் இருபுறக் கல் இருக்கைகளும் முடிந்துவிட்டன. எதிரே படியிறங்கும் தாழ்ந்த தொட்டியில்தான் நின்றுவிட்டேன். அதில் நீர் வெளியேற வழியே இல்லை. குளிப்பதற்கல்ல, சடங்குக்கே என்று நம்புகிறேன்.

அரண்மனையை அகழ்ந்த ஆர்தர் எவான்ஸின் வரைபடங்களை 1900 அகழாய்வுப் படங்களோடு ஒப்பிட்டேன். படங்களில் மேல்தளமே இல்லை. இன்று நிற்பது அவர் எழுப்பிய கான்கிரீட். கிரீட்டின் மற்ற அரண்மனைகளான ஃபைஸ்டோஸ், ஸாக்ரோஸ் ஆகியவற்றின் தொட்டிகளையும் பார்த்தேன், தெளிவு கிடைக்கவில்லை. ஒட்டிய கூரையை இருமுறை பிரித்துவிட்டேன்.

எவான்ஸின் மறுகட்டுமானத்தை ஒதுக்கிவிட்டால், அந்தத் தொட்டிக்கு மேல் வெளிச்சம் இறங்கும் திறப்பு இருந்ததற்கு அகழாய்வுச் சான்று உண்டா?